பன்னிரண்டுக்கு ஒன்று குறைவு

இரண்டு கைகளைப் பாருங்கள்.

முதல் கை. ஸ்பேட்: ஏஸ், ராஜா, 7, 4, 3. ஹார்ட்: 6, 2. டைமண்ட்: ஏஸ், 9, 8, 5. கிளப்: 7, 3.

இரண்டாம் கை. ஸ்பேட்: ராணி, ஜாக்கி, 3. ஹார்ட்: ராஜா, ஜாக்கி, 4. டைமண்ட்: ராணி, ஜாக்கி, 6, 2. கிளப்: ராணி, 8, 5.

எதை வைத்து ஏலத்தைத் திறக்கலாம், எதற்குப் பாஸ் சொல்லலாம்? பிரிட்ஜ் கற்று ஓர் ஆண்டு ஆனவர் ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கூட்டுவார். முதல் கையில் 11 வரும், இரண்டாவதில் 12. திறக்க 12 வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே முதல் கைக்குப் பாஸ், இரண்டாவதற்குத் திறப்பு. அதே கைகளைப் போட்டிகளில் ஊறிய ஆட்டக்காரரிடம் காட்டினால் முதல் கையைத் தயங்காமல் திறப்பார். இரண்டாவதைப் பார்த்து முகம் சுளிப்பார். கூட்டல் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆட்டம் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டு ஒரு பிடி. ஆக 13 பிடி. ஆடுவதற்கு முன் ஏலம். ‘ஒரு ஸ்பேட்’ என்று கேட்டால், ஸ்பேடைத் துருப்பாக வைத்து ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது ஏழு பிடி எடுக்கிறோம் என்று அர்த்தம். 304, 28 ஆடிப் பழகியவர்களுக்கு ஏலம் புதிதல்ல. (அங்கே ஜாக்கிதான் தலைச் சீட்டு, இங்கே படச் சீட்டுகளில் அதுதான் கடைக்குட்டி. பழக்கம் மாற நாளாகும்.) பிரிட்ஜ் ஏலம் பேரம் மட்டுமில்லை, பேச்சும்கூட. கூட்டாளியின் கை எனக்குத் தெரியாது, என் கை அவருக்குத் தெரியாது. 35 கேட்புகள், பாஸ், டபுள், ரீடபுள் என 38 சொற்கள் மட்டுமே உள்ள மொழியில், எதிரணியும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒருவருக்கொருவர் கையை விவரித்தாக வேண்டும். அந்தப் பேச்சை முதலில் தொடங்குவதுதான் திறப்பு.

இந்த 12 எங்கிருந்து வந்தது? சீட்டுக்கட்டில் மொத்தம் 40 பாயிண்ட்; ஆளுக்குச் சராசரி 10. கூட்டாளிகள் இருவரிடமும் சேர்ந்து 25 அல்லது 26 இருந்தால் ‘கேம்’ என்ற பெரிய ஒப்பந்தம் பெரும்பாலும் கைகூடும். துருப்பில்லாமல் ஆடினால் 9 பிடி. ஸ்பேட் அல்லது ஹார்ட் துருப்பானால் 10 பிடி. அதற்குப் போனஸ் 300 அல்லது 500. கேட்காமல் கீழே நின்றுவிட்டால், அதே பிடிகளை எடுத்தாலும் போனஸ் வெறும் 50. கேமைத் தவறவிடக் கூடாது என்ற கவலையில்தான் 25ஐ இரண்டாக வகுத்தார்கள். திறக்கத் தகுந்த கை இரண்டு எதிரெதிரே இருந்தால் கேம் என்ற பாடத்தின் வேர் இந்த வகுத்தல். என்னிடம் 12 இருந்து நான் பாஸ் சொன்னாலும், கூட்டாளியிடம் 13 இருந்தால் அவர் திறக்கப்போகிறார், ஒன்றும் கெட்டுவிடாது. இருவரிடமும் ஏறக்குறைய 12 இருந்து, இருவருமே வாய்மூடி இருந்துவிட்டால்தான் இழப்பு. 12க்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

4-3-2-1 என்ற அளவுகோல் 1915இல் பிரையன்ட் மெக்காம்பெல் முன்வைத்தது. மில்டன் வொர்க் அதைப் பரப்பினார். ஆனால் ஹரால்ட் வாண்டர்பில்ட் 1925இல் இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் கொடுத்த பிறகு, அடுத்த இருபது ஆண்டு அரசாண்டது இந்த அளவுகோல் அல்ல. ஈலி கல்பர்ட்சனின் ‘ஹானர் ட்ரிக்’ முறை. 1931 டிசம்பரில் நியூயார்க்கில் சிட்னி லென்ஸுக்கு எதிராக அவர் ஆடிய நீண்ட போட்டியைச் செய்தித்தாள்கள் குத்துச்சண்டை போலத் தொடர்ந்து எழுதின. அதில் வென்ற கல்பர்ட்சன் சொல்வதுதான் அந்தக் காலத்தில் சட்டம். அவர் பாயிண்ட் எண்ணவில்லை. முதல் இரண்டு சுற்றில் எத்தனை பிடி நிச்சயம் என்று எண்ணினார். ஏஸ் ஒன்று. ஒரே இனத்தில் ஏஸும் ராஜாவும் இருந்தால் இரண்டு. ஏஸும் ராணியும் என்றால் ஒன்றரை. காவலுக்குச் சிறு சீட்டு உள்ள ராஜா அரை. திறப்பதற்கு இரண்டரை வேண்டும்.

நம் முதல் கையை இந்தக் கோலால் அளந்தால் மூன்று வருகிறது. 1931இல் இந்தக் கையைப் பற்றி யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் கை இரண்டரையை எட்டவே எட்டாது. அதைத் திறப்பதா என்ற கேள்வியும் எழுந்திருக்காது. இன்று நாம் ‘எல்லைக் கை’ என்று தலையைச் சொறியும் கைகளில் பாதி, அளவுகோல் மாறியதால் எல்லைக்கு வந்தவை.

மாற்றியவர் சார்லஸ் கோரன். டொரன்டோவில் காப்பீட்டுக் கணக்கியலாளராக இருந்த வில்லியம் ஆண்டர்சனின் உதவியோடு, 4-3-2-1 உடன் வெற்று இனத்துக்கு 3, ஒற்றைச் சீட்டுக்கு 2, இரட்டைக்கு 1 என்று சேர்த்து 1949இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் கல்பர்ட்சன் முறை காணாமல் போயிற்று. கோரனின் முறை துல்லியமானது என்பதால் இல்லை, எளிது என்பதால். பத்து வயதுப் பையனும் பத்து விநாடியில் கூட்டிவிடலாம். 1958இல் ‘டைம்’ இதழின் அட்டையில் கோரனின் முகம் வந்தது. துருப்பில்லா ஆட்டத்துக்கு அவருடைய கோல் நன்றாகவே பொருந்துகிறது. துருப்பு உள்ள ஆட்டத்தில்தான் அது தடுமாறுகிறது.

எப்படி என்று பார்ப்போம். ஏஸ் யார் உதவியும் இல்லாமல் ஒரு பிடி எடுக்கும். எப்போது எடுப்பது என்பதும் நம் கையில். ராணி அப்படியல்ல. ஏஸும் ராஜாவும் விழுந்த பிறகு, மூன்றாவது சுற்றில்தான் அதற்கு முறை வரும். துருப்பு உள்ள ஆட்டத்தில் பல இனங்களுக்கு மூன்றாவது சுற்றே கிடையாது. அதற்குள் யாரிடமாவது அந்த இனம் தீர்ந்து, அவர் துருப்பால் வெட்டியிருப்பார். ஜாக்கியின் பாடு இன்னும் மோசம். கணினியில் ஆயிரக்கணக்கான கைகளைப் பிரித்து ஆடவைத்துப் பார்த்த பலரும் வெவ்வேறு வழியில் ஒரே திசைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏஸுக்கு 4 போதாது. ராணிக்கு 2 அதிகம். ஜாக்கிக்கு 1 அதிகம். ராஜாவுக்கு 3 ஏறக்குறையச் சரி. அப்படித் திருத்திய ஒரு கோல்: ஏஸ் 4½, ராஜா 3, ராணி 1½, ஜாக்கி ¾, பத்து ¼. மொத்தம் அதே 40. இதன்படி முதல் கை 12. இரண்டாம் கை 9¾. வரிசையே தலைகீழாகிவிட்டது. போட்டி ஆட்டக்காரர் சுளித்த முகத்துக்கு இதுதான் கணக்கு. அவர் இந்தப் பின்னங்களைக் கூட்டியிருக்க மாட்டார். கை ‘வறண்டு கிடக்கிறது’ என்று மட்டும் பட்டிருக்கும்.

சீட்டின் மதிப்பு போக, இனங்களின் நீளமும் கணக்கில் வர வேண்டும். இதற்கு அமெரிக்க ஆட்டக்காரர் மார்ட்டி பெர்கன் பரப்பிய 20 விதி வெகு பிரபலம்: பாயிண்டுகளோடு நீளமான இரண்டு இனங்களின் சீட்டு எண்ணிக்கையைக் கூட்டு, 20 வந்தால் திற. முதல் கை 11, 5, 4: சரியாக 20. இரண்டாம் கை 12, 4, 3: 19. விதி சரியான தீர்ப்பையே சொல்கிறது. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்தக் கையைப் பாருங்கள். ஸ்பேட்: ஜாக்கி, 8, 6, 4, 2. ஹார்ட்: ராஜா, ராணி. டைமண்ட்: ஜாக்கி, 7, 5, 3. கிளப்: ராஜா, ஜாக்கி. இதற்கும் 11, 5, 4, ஆக 20. பெரிய சீட்டெல்லாம் குட்டை இனங்களில் முடங்கிக் கிடக்க, நீள இனங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கின்றன. நீள இனத்தில் உள்ள படச் சீட்டு தன் கீழுள்ள சிறு சீட்டுகளையும் பிடியாக மாற்றும். இரட்டையில் உள்ள ராஜாவும் ராணியும் யாரையும் தூக்கிவிடுவதில்லை. இதனால் சிலர் 20ஐ 22 ஆக்கி, நிச்சயப் பிடிகளையும் கூட்டச் சொன்னார்கள். முதல் கைக்கு 23 வரும், இந்தக் கைக்கு 21½. கவனித்தீர்களா, கல்பர்ட்சன் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டார்.

ஒரு விஷயம். எல்லைக் கை என்பது அபூர்வமானதல்ல. 13 சீட்டுக் கைகள் மொத்தம் 635,013,559,600. அவற்றில் சரியாக 11 பாயிண்ட் உள்ளவை 8.94 சதவீதம், 12 உள்ளவை 8.03 சதவீதம். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 17. ஆறு கைக்கு ஒன்று. ஓர் அமர்வில் 24 கை ஆடினால் நாலு தடவை இந்த எல்லையில் நிற்பீர்கள்.

அப்படியானால் அனுபவமே கற்றுக்கொடுத்துவிடாதா என்று தோன்றும். கற்றுக்கொடுக்காது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அணிப் போட்டிகளில் ஒரு கையின் வெற்றி தோல்வியை ஐஎம்பி என்ற அலகால் அளப்பார்கள். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 6 ஐஎம்பி என்றும், குறிப்பிட்ட ஒரு வகைக் கையைத் திறப்பது பாஸைவிடச் சராசரியாக 0.2 ஐஎம்பி லாபம் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 0.2 உண்மையானதுதானா, தற்செயலா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, சராசரியில் உள்ள பிழையை 0.1க்குள் கொண்டுவர வேண்டும். 6ஐ 0.1ஆல் வகுத்தால் 60; அதன் வர்க்கம் 3,600. அத்தனை கை வேண்டும். வாரம் ஒரு நாள் ஆடி நான்கு எல்லைக் கைகளைப் பார்ப்பவருக்கு 900 வாரம். பதினேழு வருடத்துக்கு மேல். அதுவும் 11, 12 உள்ள எல்லாக் கைகளையும் ஒரே வகை என்று எடுத்துக்கொண்டால்தான்; ஐந்து ஸ்பேட் உள்ளவை தனி, தட்டையானவை தனி என்று பிரித்தால் ஓர் ஆயுள் போதாது.

ஆனால் மனம் 3,600 வரை காத்திருக்காது. 11 பாயிண்டில் திறந்து மூன்று பிடி குறைந்து மாட்டிய ஓர் இரவு, நாற்பது சாதாரணக் கைகளை நினைவிலிருந்து துடைத்துவிடும். முடிவின் தரத்தை அதன் விளைவை வைத்து எடைபோடும் இந்தச் சாய்வை ஜொனதன் பாரனும் ஜான் ஹெர்ஷியும் 1988இல் சோதனைகளின் மூலம் காட்டினார்கள். எடுத்த முடிவு ஒன்றே, அப்போது தெரிந்திருந்த தகவலும் ஒன்றே. விளைவு நன்றாக முடிந்ததென்று சொன்னால் மக்கள் முடிவெடுத்தவரை மெச்சினார்கள், கெட்டதென்று சொன்னால் குறை சொன்னார்கள். பிரிட்ஜ் மேசையில் இதற்குச் சோதனையே வேண்டியதில்லை. கை முடிந்ததும் கூட்டாளியின் முகத்தைப் பார்த்தால் போதும்.

கணினியைக் கேட்கலாம். என் 13 சீட்டை நிலையாக வைத்துக்கொண்டு, மீதி 39ஐப் பல்லாயிரம் தடவை கலைத்துப் போடச் சொல்லி, ஒவ்வொரு பங்கீட்டிலும் யாருக்கு எத்தனை பிடி என்று கண்டுபிடிக்க வைக்கலாம். அந்த 39 சீட்டை மற்ற மூவருக்கும் பிரிக்கும் வழிகள் ஏறத்தாழ 8.4 கோடி கோடிக்கும் நூறு மடங்கு. அத்தனையும் வேண்டாம், சில ஆயிரம் மாதிரிகள் போதும். மாத்யூ கின்ஸ்பெர்க் 1990களின் இறுதியில் எழுதிய ‘ஜிப்’ நிரல் மேசையில் ஆடியதே ஏறக்குறைய இந்த வழியில்தான். இதில் இரண்டு ஓட்டைகள். பிடிகளை எண்ணும் நிரல் நான்கு கைகளையும் திறந்து வைத்துக்கொண்டு ஆடுகிறது; ராணி யாரிடம் என்று அதற்குச் சந்தேகமே வராது, மனிதனுக்கு வரும். பெரிய ஓட்டை அடுத்தது. நான் திறந்தபின் மற்ற மூவரும் என்ன கேட்பார்கள் என்பதையும் நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கே என் ஊகங்களைத்தான் எழுதுகிறேன். விடையில் அவையே திரும்பி வருகின்றன. 2022 மார்ச்சில் பாரிஸில் ‘நூக்’ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் எட்டு உலகச் சாம்பியன்களை வென்றது பெரிய செய்தியானது. அந்தப் போட்டியில் ஏலம் கிடையாது. ஒப்பந்தம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டு, ஆட்டம் மட்டும் நடந்தது.

அனுபவம் சொல்லாது, கணினி முழுதாகச் சொல்லாது என்றால், திறமைசாலிகளாவது ஒத்துப்போகிறார்களா? இல்லை. ஆல்வின் ராத், டோபையஸ் ஸ்டோன் இருவரும் 1950களில் உருவாக்கிய முறையில் திறப்பு என்றால் கெட்டியான கை. மற்றவர்கள் யோசிக்காமல் திறக்கும் கைகளையே ராத் பாஸ் செய்வார். அமெரிக்காவின் தேசியப் பட்டங்கள் பலவற்றை அவர் வென்றார். மறுபுறம் சி. சி. வெய் என்ற சீன-அமெரிக்கர் வகுத்த ‘பிரிசிஷன்’ முறை. அதில் 11 பாயிண்ட் கைகள் தாராளமாகத் திறக்கப்படும். 1969இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், அதுவரை யாரும் பொருட்படுத்தாத தைவான் அணி இந்த முறையோடு வந்து இறுதிப் போட்டி வரை போனது. அடுத்த ஆண்டும் போனது. இரண்டு எதிரெதிர்க் கொள்கைகள், இரண்டும் வெல்கின்றன.

இதில் முரண் இல்லை என்பதே என் கட்சி. இரண்டாம் உலகப் போரின் ராடார் திரைகளிலிருந்து வளர்ந்த சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு இதே சிக்கலைத்தான் ஆராய்ந்தது. திரையில் தெரியும் புள்ளி விமானமா, வெறும் இரைச்சலா? எல்லைக் கோட்டைத் தாழ்த்தினால் பொய் எச்சரிக்கை கூடும், உயர்த்தினால் விமானம் தப்பும். இரு பிழைகளின் விலையும் எங்கே சமமாகிறதோ அங்கே கோடு நிற்க வேண்டும். இப்போது கோட்டின் மேலேயே விழும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். விலைகள் சமமாகும் இடம்தான் கோடு என்றால், அங்கே எதைத் தேர்ந்தாலும் சராசரி விலை ஒன்றுதான். குன்றின் உச்சியில் தரை தட்டையாக இருக்கும். இரண்டடி இப்படியோ அப்படியோ நகர்ந்தால் உயரம் குறைவதில்லை. ராத்தும் வெய்யும் அதே குன்றின் உச்சியில் சற்றுத் தள்ளித் தள்ளி நின்றவர்கள். உண்மையான எல்லைக் கை என்பது, தவறாக முடிவெடுத்தால் குறைவாக நஷ்டம் தரும் கை. அதற்குத்தான் நாம் அதிகமாக யோசிக்கிறோம்.

ஆனால் வெய்யின் தாராளத்தை மட்டும் கடன் வாங்கி, நம் வழக்கமான முறையில் 10 பாயிண்டிலேயே திறக்கத் தொடங்கினால் கையைச் சுட்டுக்கொள்வோம். பிரிசிஷனில் 16 பாயிண்டும் அதற்கு மேலும் உள்ள கைகள் ‘ஒரு கிளப்’ என்ற தனிக் கதவு வழியாகப் போய்விடும். ஆகவே ‘ஒரு ஸ்பேட்’ என்றால் 11 முதல் 15. ஐந்து பாயிண்ட் அகலம். வழக்கமான முறையில் அதே ‘ஒரு ஸ்பேட்’ 12இல் தொடங்கி 21 வரை நீள்கிறது. அந்த நீளத்தையே கூட்டாளியால் சமாளிக்க முடிவதில்லை. கீழே இன்னும் இரண்டைச் சேர்த்தால், 11 பாயிண்டோடு அவர் உற்சாகமாகக் கேட்டுக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுவார். என் கை திறக்கத் தகுந்ததா என்று என் கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நான் வாய் திறந்ததும் கூட்டாளி மனத்தில் என்ன படம் வரும், அதற்கு என் கை பொருந்துமா என்றுதான் பார்க்க வேண்டும். முதல் கை ஒரு பாயிண்ட் குறைவாக இருந்தும் அந்தப் படத்துக்குப் பொருந்தும். இரண்டு ஏஸும் ஐந்து ஸ்பேடும் அவரை ஏமாற்றாது. இரண்டாம் கை, பாயிண்ட் சரியாக இருந்தும், அவரை ஏமாற்றும்.

பாஸும் ஒரு செய்தி என்பதை இங்கே சொல்ல வேண்டும். கிளாட் ஷானனின் 1948ஆம் ஆண்டுத் தகவல் கோட்பாட்டின்படி, இரண்டே சொல் உள்ள செய்தி இரண்டும் சரிபாதி தடவை வரும்போதுதான் அதிகத் தகவலைத் தரும். 12 பாயிண்டும் அதற்கு மேலும் வருவது சுமார் 35 சதவீதம். 11 முதல் என்றால் 44. 10 முதல் என்றால் 53. ஆக ஷானன் சொல்படி கோட்டை 10க்கு இறக்க வேண்டும்! கவர்ச்சியான வாதம். போலந்திலும் நியூசிலாந்திலும் சிலர் இந்தத் திசையில் இன்னும் ஒரு படி போய், பாஸ் சொன்னால் நல்ல கை, வாய் திறந்தால் ஒன்றுமில்லாத கை என்று மொழியையே கவிழ்த்துப் பார்த்தார்கள். மிச்சமாகும் ஏல இடத்தை நல்ல கைக்கே பயன்படுத்தலாம் என்பது அவர்கள் தர்க்கம். எதிர்த்து ஆடுவது அவ்வளவு சிரமமாக இருந்ததால், உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு அத்தகைய முறைகளைப் பெரும்பாலான போட்டிகளில் தடைசெய்துவிட்டது. ஷானனின் தந்திக்கம்பியில் செய்தி சொல்வதற்கு அபராதம் கிடையாது. இங்கே ஒவ்வொரு கேட்பும் பிடி எடுக்கும் வாக்குறுதியும்கூட; தவறினால் பிடிக்கு 50 அல்லது 100, டபுள் ஆனால் அதற்கும் மேல். எதிரணி அதே செய்தியை இலவசமாகக் கேட்டுக்கொள்கிறது என்பது வேறு.

கோடு நாற்காலிக்கு நாற்காலி நகரும். முதல் இருக்கையில் இன்னும் பேசாத மூவரில் இருவர் எதிரிகள். அவர்கள் வழியை மறிப்பதில் லாபம் உண்டு. இரண்டாம் இருக்கையில் ஓர் எதிரி ஏற்கெனவே பாஸ் சொல்லிவிட்டார். மறிக்க ஒருவர்தான் மிச்சம், கூட்டாளியோ இன்னும் பேசவில்லை. அங்கே ஒழுங்கான கை வேண்டும். மூன்றாம் இருக்கைதான் விளையாட்டுத்தனத்துக்கு இடம் தருவது. கூட்டாளி பாஸ் சொல்லியாயிற்று, என்னிடமும் கொஞ்சம்தான் என்றால் கேம் கனவு இல்லை. கடைசியில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் சரக்கு இருக்க வேண்டும். நல்ல ஸ்பேட் இனத்தோடு 10 பாயிண்டில் திறந்தாலும் அவருடைய ஏல இடம் குறுகும். அவர்கள் ஒப்பந்தம் எடுத்தால் எந்த இனத்தில் முதல் சீட்டு இறங்க வேண்டும் என்று கூட்டாளிக்கும் தெரிந்துவிடும். கனடாவின் எரிக் மரே இப்படி மூன்றாம் இருக்கையில் எதை வைத்தும் திறப்பவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய கூட்டாளி டக்ளஸ் ட்ரூரிக்கு அது தாங்கவில்லை. மரே ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ திறந்தால் ‘இரண்டு கிளப்’ என்று சொல்லி, ‘உண்மையிலேயே கை இருக்கிறதா?’ என்று கேட்கும் வழியை அவர் கண்டுபிடித்தார். ட்ரூரி என்ற பெயரிலேயே அது இன்று உலகமெங்கும் புழங்குகிறது. கூட்டாளியின் துணிச்சலைக் கண்டித்து நிறுத்தாமல் அதற்கு ஒரு கேள்வியை ஏற்பாடு செய்தவர் ட்ரூரி. எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

நான்காம் இருக்கையில் மூவரும் பாஸ். நான் பாஸ் சொன்னால் எல்லோருக்கும் பூஜ்யம். என்னிடம் 11 இருந்தால் மிச்சம் 29. மூவரும் திறக்கவில்லை என்பதால் அது கிட்டத்தட்டச் சமமாகப் பரவியிருக்கும். சிறு ஒப்பந்தத்துக்கான இழுபறிதான் நடக்கும். அதில் ஸ்பேட் வைத்திருப்பவர் கை ஓங்கும். ஸ்பேட் உயர்ந்த இனம், அதை மிஞ்ச எதிரணி ஒரு படி மேலே ஏறியாக வேண்டும். டான் பியர்சன் பெயரில் வழங்கும் விதி இதை ஒரே கூட்டலில் சொல்கிறது: பாயிண்டும் ஸ்பேட் எண்ணிக்கையும் சேர்ந்து 15 என்றால் திற. முதல் கைக்கு 16. இரண்டாம் கைக்குச் சரியாக 15. விதி திறக்கச் சொல்கிறது. நான் பாஸ் சொல்லிப் பூஜ்யத்தோடு அடுத்த கைக்குப் போய்விடுவேன்.

இன்னொன்று: திறப்பதற்கு முன் அடுத்த சுற்றுக்கும் பதில் இருக்க வேண்டும். ஒற்றை ஸ்பேடும் மற்ற மூன்று இனங்களில் நான்கு நான்கும் உள்ள 11 பாயிண்ட் கையைத் திறந்தால், கூட்டாளி ‘ஒரு ஸ்பேட்’ என்பார். அதற்குப் பின் சொல்வதெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும்.

கடைசியாக, யோசிக்கும் நேரம். எல்லைக் கை வந்தால் ஆட்டக்காரர் உறைந்துபோவார். சீட்டுகளைத் திரும்ப அடுக்குவார், மேலே பார்ப்பார், முப்பது நொடி கழித்துப் பாஸ் சொல்வார். அந்தப் பாஸ் 39ஆவது சொல். ‘திறக்க இருந்தேன், ஒரு பாயிண்ட் குறைவு’ என்று மேசையைச் சுற்றியுள்ள அனைவருக்கும் அது கேட்கும். யோசிப்பது குற்றமல்ல, கூட்டாளி அதைப் பயன்படுத்துவது விதிமீறல். மூன்றாம் இருக்கையில் அவரிடம் அரைகுறையான 10 பாயிண்ட் இருக்கிறதென்று வையுங்கள். நான் சட்டென்று பாஸ் சொல்லியிருந்தால் அவர் விருப்பம்போலத் திறந்திருக்கலாம். இப்போது திறப்பு, பாஸ் இரண்டுமே நியாயமான தேர்வு என்றால், என் தயக்கம் சுட்டிக்காட்டிய தேர்வை அவர் எடுக்கக் கூடாது. எடுத்து லாபமும் பார்த்தால் எதிரணி நடுவரை அழைக்கும். நடுவர் ஸ்கோரைத் திருத்தலாம். 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். அதன் பிறகும் காலதாமதம் திரையைத் தாண்டிக் கசிவதை முழுதாக அடைக்க முடியவில்லை. தேர்ந்த ஜோடிகள் இந்தத் தீர்ப்பை மேசைக்குக் கொண்டுவருவதே இல்லை. இரண்டு ஏஸோடு ஐந்து ஸ்பேட் இருந்தால் 11இலும் திறப்போம், தட்டையான 12இல் ஏஸ் இல்லையென்றால் பாஸ், மூன்றாம் இருக்கையில் இன்ன அளவு வரை இறங்குவோம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். அதைத் தங்கள் ஒப்பந்த அட்டையிலும் எழுதி, எதிரணி பார்க்கும்படி மேசையில் வைத்துவிடுகிறார்கள்.